கூண்டு இறங்காத புயல்

ஒரே அடுப்பில் என்னோடு ஏழு வருஷம் மல்லுக்கட்டிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட மகராசிக்கு, என் அத்தைக்கு,

கல்லறைத் திருநாளன்று நானும் என்னைக் கட்டிய உன் மகன் லூர்துவும் மட்டும்தான் வந்தோம். மாமா வரவில்லை. மெழுகுதிரி ஏற்றி, சாமந்தி மாலையைச் சிலுவையில் போட்டபோது, நீ எங்கள் தோளுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்ப்பது போலவே இருந்தது. "எங்கடி அந்தாளு?" என்று நீ கேட்டது என் காதில் விழாமல் இல்லை. லூர்து பக்கத்தில் நின்றதால் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இப்போது எழுதுகிறேன்.

உனக்கு எழுத்துத் தெரியாது. பெங்களூரிலிருந்து உன் தங்கச்சி போடும் கடுதாசியை நான்தான் படித்துக் காட்டுவேன். பிடிக்காத சேதி வந்தால் "நீயா சேத்து சொல்றடி" என்று என்னைப் பிடித்துக்கொள்வாய். இதை அங்கே யார் உனக்குப் படித்துக் காட்டப்போகிறார்களோ! யார் படித்தாலும் நம்பு. ஒரு வார்த்தைகூட நானாகச் சேர்க்கவில்லை.

இன்னொன்று. நீ இருந்தவரை 'நீங்க, வாங்க' என்றுதான் பேசினேன். சண்டையில்கூட அந்த மரியாதை குறையவில்லை. இப்போது 'நீ' என்று எழுதுகிறேன், கோவித்துக்கொள்ளாதே. நீ போன பிறகுதான் நீ எனக்கு யார் என்று தெரிந்தது. தெரிந்த பிறகு 'நீங்க' என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மாமா உன்மேல் கோபித்துக்கொண்டு வராமல் இருக்கவில்லை. காய்ச்சல்தான் காரணம் என்று ஊருக்குச் சொன்னோம், அதுவும் முழுக்க நிஜமில்லை. அந்த மனுஷனுக்கு உன் முகத்தில் விழிக்க வெட்கம். உன்னிடம் பொய் சொல்லிவிட்டாராம். "எந்த மூஞ்சிய வெச்சிகினு அவளாண்ட போவேன் ரெஜினா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்கிறார். புயலன்று உன் தலைமாட்டில் வந்து நின்று ஒரு வார்த்தை சொன்னாரே, அதுதான் அந்தப் பொய்.

நீங்கள் இருவரும் அந்த ஒரு வார்த்தையை வைத்துக் குடும்பம் நடத்தியதை, எனக்குக் கல்யாணமான வருஷம்தான் முதன்முதலில் பார்த்தேன். நான் புளியந்தோப்புக்காரி. எங்கள் பக்கம் புயல் என்றால் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும், பள்ளிக்கூடம் லீவு விடுவார்கள், அவ்வளவுதான். ராயபுரத்துக்கு வந்த பிறகுதான் காற்று வீட்டுக் கதவை ஆள் மாதிரி தட்டும் என்று தெரிந்தது.

மாமாவுக்கு ஹார்பர் கொடிமரத்தில் வேலை. புயல் வருகிறது என்று உத்தரவு வந்தால், கறுப்புத் துணி போர்த்திய கூண்டுகளைக் கயிற்றில் கட்டி உச்சிக்கு இழுத்து ஏற்ற வேண்டும். போய்விட்டது என்று உத்தரவு வந்தால் இறக்க வேண்டும். ராயபுரத்தில் யார் ரேடியோவை நம்பினார்கள்? காலையில் எழுந்ததும் ஜனங்கள் தெருமுனைக்குப் போய், ரயில் ஸ்டேஷன் கூரைக்கு மேலே தெரியும் அந்த மரத்தைத்தான் பார்ப்பார்கள். கூண்டு ஏறியிருந்தால் படகு மணலில் கிடக்கும். இறங்கிவிட்டால் கடலுக்குள் போகும். மளிகைக் கடை நாடார்கூட அதைப் பார்த்துத்தான் கடைப் பலகையை எடுப்பார்.

தெருவுக்கெல்லாம் அது பெருமை, உனக்கு மட்டும் எரிச்சல். புயல் என்றால் எல்லா வீட்டு ஆம்பிளையும் வீட்டுக்கு ஓடி வருவான். உன் ஆள் மட்டும் வீட்டை விட்டு ஓடுவார். லூர்துவைப் பெற்றுப் போட்டுப் படுத்திருந்தபோது ஒரு புயல், பின்சுவர் இடிந்து விழுந்த வருஷம் ஒரு புயல், எல்லாவற்றுக்கும் நீ ஒண்டிதான். "நான் ரெண்டாந்தாரம்டி. அந்தக் கம்பந்தான் அந்தாளுக்கு மொத பொண்டாட்டி" என்பாய். முதல் தடவை கேட்டபோது நான் பயந்தே போனேன். நிஜமாகவே இன்னொருத்தி இருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன்.

அந்த முதல் புயலில் நீ செய்ததெல்லாம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. சோறு வடித்த கையோடு ஒரு தட்டில் எடுத்து மூடி, மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாய். அம்மிக்கல்லை நகர்த்திக் கதவுக்கு முட்டுக்கொடுத்தாய். பின்ஜன்னலை மட்டும் ஒரு விரல் அளவு திறந்துவைத்தாய், காற்று உள்ளே வந்தால் வெளியே போக வழி வேண்டும் என்று. குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துத் தந்த ஓலையில் ஒரு துண்டைக் கிள்ளிக் கரியில் போட்டுப் புகை காட்டினாய். விபூதிப் புதனுக்கு முன்னால் பழைய ஓலையைக் கோயிலில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், நீயோ புயலுக்கென்று ஒரு துண்டை எப்போதும் திருடி வைத்துக்கொள்வாய். அப்புறம் ஜெபமாலை. அதற்கு நடுநடுவே காற்றைப் பார்த்து வசவு. "போடா கஸ்மாலம், என் வூட்டு ஓட்டுமேலதான் உன் வீரமா?" என்று நீ கத்தியபோது, புயல் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

காற்று நின்ற பிறகும் நீ கதவைத் திறக்கவில்லை. பக்கத்து வீடெல்லாம் திறந்தாயிற்று. "தொறக்கலாமா அத்தை?" என்று நான் தாழ்ப்பாளில் கை வைத்ததும் படாரென்று கையில் ஒரு அடி கொடுத்தாய். வெகுநேரம் கழித்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வெளியே நின்றபடியே மாமா சொன்னார்: "எறக்கிட்டேன்."

அவ்வளவுதான். எப்படி இருக்கிறாய், பிள்ளை எப்படி இருக்கிறான், ஒன்றும் கேட்கவில்லை. நீ அம்மிக்கல்லைத் தள்ளிக் கதவைத் திறந்து, "வா, குந்து" என்றாய். அதற்குமேல் நீயும் ஒன்றும் பேசவில்லை. வெந்நீர் வைக்கப் போனாய். இது என்ன குடும்பம் என்று நினைத்தேன். அப்புறம் எத்தனை புயல் வந்ததோ, ஒவ்வொன்றும் அந்த இரண்டு பேச்சோடுதான் முடிந்தது.

அவர் ரிட்டையர் ஆகும் நாளுக்காக நீ காத்திருந்ததுபோல் எந்தப் பெண்ணும் கல்யாண நாளுக்குக் காத்திருந்திருக்க மாட்டாள். "ஆவட்டும்டி. மொத புயலுக்கு அந்தாள இங்க குந்த வெச்சிட்டு நான் போயி கூண்டு ஏத்தறேன். வூட்ல குந்திகினு இருந்தா எப்டி இருக்கும்னு தெரியட்டும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். அவர் ரிட்டையர் ஆன வருஷம் வந்த புயலெல்லாம் ஆந்திராப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. அடுத்த ஈஸ்டர் முடிந்ததும் உன் இழுப்பு நோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. ஏன் அத்தை, இன்னும் ஒரு ஐப்பசி பொறுத்திருக்கக் கூடாதா?

ஏனென்றால் இந்த ஐப்பசியில் வந்தது. மாமா வீட்டில் இருந்த முதல் புயல். நீ வீட்டில் இல்லாத முதல் புயல்.

காலையிலேயே லூர்துவுக்கு ஹார்பரிலிருந்து ஆள் வந்துவிட்டது, கிரேன்களைக் கட்டிப் போட வேண்டும் என்று. வீட்டில் நானும் மாமாவும் என் கைப்பிள்ளை ஸ்டெல்லாவும். பார்த்தால், மாமா பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கழுத்துப் பட்டன் வரைக்கும் மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

"எங்க மாமா கெளம்பிட்டீங்க?"

"எங்கயும் இல்லமா" என்றார். கழுத்துப் பட்டனைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டே, "இன்னைக்கு இன்னா பண்றதுன்னு தெரியல" என்றார்.

மரத்தில் பெரிய அபாயத்துக்கான கூண்டு ஏறியிருந்தது. மழை இறங்குவதற்கு முன் தெருமுனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், "நல்லாத்தான் ஏத்திகீறானுங்க" என்று குறைப்பட்டுக்கொள்வதுபோல் சொன்னார்.

காற்று வடக்கிலிருந்து பிடித்தது. ஓடுகள் ஒவ்வொன்றாய்த் தூக்கித் தூக்கி உட்கார்ந்தன. கால்வாய்த் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தது, அதோடு இரண்டு நண்டும் வந்தன. ஸ்டெல்லா நண்டைப் பார்த்து அழுதாள். அழாதே என்று அவளிடம் சொல்லிக்கொண்டே திரும்பினால், மாமாவின் கை நாற்காலிக் கையைப் பிடித்திருந்த பிடி! இந்த மனுஷன் எத்தனை புயலில் வெட்டவெளியில் நின்றவர்.

"இன்னா சத்தம் அது?"

"ஓடு மாமா."

"அங்க கம்பத்தாண்ட காத்து வெளிய கத்தும். இங்க உள்ள வந்து கத்துதே" என்றார். குரல் நடுங்கியது. அவர் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் அதுவரை நான் இருந்தேன்.

அப்போதுதான் கேட்டார், "உங்கத்த இன்னா பண்ணுவா?"

நீ போன நாளிலிருந்து உன்னைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. உன் காரியத்தன்றுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. கல் மனசு என்று உன் தங்கச்சியே சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினாள். அந்த மனுஷன் பச்சைப்பிள்ளை மாதிரிக் கேட்கிறார், உங்கத்தை என்ன செய்வாள் என்று.

காட்டினேன். இரண்டு பேருமாக அம்மிக்கல்லை நகர்த்தினோம். "ஒண்டியா தள்ளுவாளா?" என்றார். ஆமாம் என்றேன். பின்ஜன்னலைத் திறந்து வைத்தேன், எதற்கு என்று கேட்டார், சொன்னேன். குருத்தோலையை உன் மாதா படத்துக்குப் பின்னால் இருந்து எடுத்தேன். தீப்பெட்டி நமத்துக் கிடந்தது. ஒவ்வொரு குச்சியாக அவரே உரசிப் பார்த்து, கடைசியில் எப்படியோ பற்ற வைத்தார். புகை எழும்பியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகைதான் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

சோற்றை எடுத்து மூடி வைத்தபோது, "இது யாருக்கு?" என்றார்.

"லூர்துவுக்கு மாமா. அத்தை உங்களுக்கு வெப்பாங்க. புயல் அடிக்க ஆரமிக்கிறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சிடுவாங்க. எடுத்து வெச்சா ஆள் வந்துதான் ஆவணும்னு சொல்வாங்க."

மாமா அந்த மூடிய தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு தபா ஆறிப்போய்கீதுன்னு தட்டோட தள்ளி உட்டேன் ரெஜினா" என்றார். "ஒரு வார்த்த சொல்லிர்க்கலாமே அவ. இப்டின்னு ஒரு வார்த்த சொல்லிர்க்கலாமே."

ஏன் அத்தை சொல்லவில்லை? காற்றை அந்தத் திட்டுத் திட்டிய வாய்தானே உனக்கு. அவரிடம் மட்டும் ஏன் அது அடைத்துப் போயிற்று?

மத்தியானம் போலச் சட்டென்று காற்று நின்றது. மழையும் நின்றது. அந்த அமைதிதான் எனக்குக் காற்றைவிடப் பயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு தாசனின் குரல் தெருமுனையில் கேட்டது. கட்டுமரக்கார தாசன்தான், உன்னிடம் மீன் கொண்டுவந்து ஏமாற்றப் பார்ப்பானே, அவன். "கூண்டு எறங்கிச்சு டோய்! கம்பம் காலி!"

கதவுகள் திறந்தன. ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். மாமா அம்மிக்கல்லைத் தள்ளிவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வாலிபப் பிள்ளை மாதிரி இருந்தது.

"எறக்கிட்டானுங்க. நான் போயி உங்கத்தையாண்ட சொல்லிட்டு வரேன்."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் உன் கல்லறைக்குப் போகிறேன் என்கிறார்! "மாமா, வடக்குக் காத்துதானே நின்னுகீது. தெக்கால இருந்து திருப்பி அடிச்சி ஓஞ்சாதான் நம்பணும்னு அத்தை சொல்வாங்களே" என்றேன். நீ சொல்லிக் கொடுத்ததுதான் அது. நீ சொன்னாய் என்றதும் நின்றார், அதையும் சொல்ல வேண்டும். ஒரு நிமிஷம் நின்றார். அப்புறம் தலையை ஆட்டினார்.

"எனக்குத் தெரியாதா? நடுவுல இப்டி நிக்கும், தெரியும். ஆனா ஆர்டர் இல்லாம ஒருத்தன் அந்தக் கயித்துல கை வெக்க மாட்டான். எங்காளுங்க அப்டி பண்ண மாட்டானுங்க. கம்பம் காலின்னா காலிதான்."

"நாளைக்குப் போலாம் மாமா. நானும் வரேன்."

"இல்ல ரெஜினா. நான் சொல்லாங்காட்டி அவ கதவத் தொறக்க மாட்டா. குந்திகினே இருப்பா."

இடுப்பில் பிள்ளை. கையைப் பிடித்து இழுத்தா நிறுத்த முடியும்? காக்கிச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, தலைமுடியைக் கையாலேயே கோதிக்கொண்டு, காசிமேட்டுப் பக்கம் நடந்தார். ஈரத் தெருவில் அவர் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். புருஷன் பெண்டாட்டியைப் பார்க்கப் போகிற நடை அது. உங்கள் இருவருக்கும் நடுவில் அப்படி ஒன்று இருந்தது என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

அவர் உன்னிடம் வந்து சேர்ந்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். அதை எனக்கு நீ சொல்ல வேண்டியதில்லை, அவரே அப்புறம் சொன்னார்: "எறக்கியாச்சு ஞானம், கதவத் தொற" என்றாராம். உன் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டு நீ எப்போதாவது கேட்டிருக்கிறாயா?

அதற்குள் தெற்குக் காற்று வந்துவிட்டது.

எப்படி வந்தது என்று நான் எழுதப்போவதில்லை. வீட்டுக்குள் இருந்த எனக்கே அப்படி என்றால், கடலோரக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்? எங்கள் தலைக்கு மேலே ஒரு பக்கத்து ஓடு மொத்தமும் போயிற்று. ஸ்டெல்லாவைக் கட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தேன். ஜெபமாலை சொல்ல வரவில்லை. உன்னைத்தான் திட்டினேன். "உன் ஆளு உன்னாண்டதான் கீறாரு, நீ பாத்துக்கோ, அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்ன சும்மா உட மாட்டேன்" என்று கத்தினேன். கேட்டதா?

கேட்டிருக்க வேண்டும். பொழுது சாயும் நேரம் கதவு தட்டினார்கள். தாசனும் இன்னொருவனும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்திருந்தார்கள். படகைப் பார்க்கப் போன தாசன், திரும்பி ஓடிவரும் வழியில், இடிந்துபோன கல்லறைச் சுவர் வழியாகக் காக்கிச் சட்டையைப் பார்த்திருக்கிறான். உன் சிலுவையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் மண்டியிட்டுக் கிடந்தாராம். "கைய பிரிக்கவே முடியலக்கா. நம்மள மல்லுக்கு இழுக்கறாரு" என்றான் தாசன். அந்தப் பேமானி உன்னிடம் மீனில் ஏமாற்றியதையெல்லாம் மன்னித்துவிடு. மாமாவை அவன்தான் கொண்டுவந்தான்.

"உள்ள வாங்க மாமா" என்றேன். வரவில்லை. வாசலிலேயே நின்றார். குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்துகொண்டு நான் நிற்கிறேன், பின்னால் மழை உள்ளே அடிக்கிறது, அவர் வாயைத் திறந்து திறந்து மூடுகிறார். எனக்குப் புரிந்தது அத்தை. வாசலில் நின்றால் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தைதான் அவரிடம் உண்டு. அதை அவரால் சொல்ல முடியவில்லை.

"எறக்கல ரெஜினா" என்றார் கடைசியில். "எறக்கல. அவளாண்ட பொய் சொல்ட்டேன்."

தாசன்தான் அவரைத் தூக்கி உள்ளே வைத்தான்.

மறுநாள் லூர்து வந்தான். கிரேன் ஒன்று சாய்ந்ததையும், அலை மேலேறி வந்ததையும் சொல்லிவிட்டு, கேட்காமலேயே அதையும் சொன்னான். "கூண்டு அறுத்துகினு போய்ட்சி நைனா. கயிறு தாங்கல." மாமா கேட்டார், "எந்தக் கயிறு?" லூர்துவுக்குச் சூது தெரியாது, உன் பிள்ளைதானே. "நீ போகசொல்ல மாத்திட்டுப் போனியே, அதேதான்" என்றான். நான் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினேன், அதற்குள் சொல்லிவிட்டான்.

வேலையை விட்டு வரும் முன் கடைசி வாரத்தில் மாமா கட்டிய கயிறு. தனக்குப் பின்னால் வருகிறவனுக்குத் தொல்லை இருக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் போட்டாராம். அந்தக் காற்றுக்குச் சங்கிலியே தாங்காது என்று லூர்து எத்தனையோ சொல்லிப் பார்த்துவிட்டான். மாமா திரும்பிப் படுத்தவர்தான்.

புயல் போன பிறகு கொடிமரத்தில் இறக்குவதற்கு ஒன்றுமில்லை. மரம் ஏற்கெனவே காலி. அதனால் யாரும் எதையும் இறக்கவில்லை. ஊருக்கு வெயில் வந்தது, படகுகள் போயின, நாடார் கடை திறந்தார், எங்கள் கூரைக்குப் புது ஓடு வந்தது. மாமாவுக்கு மட்டும் அந்தப் புயல் முடியவில்லை. வலை தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் படுக்கையில் இருந்தே கேட்பார், "எங்கடா போறீங்க? இன்னும் எறக்கலியே." ஆரம்பத்தில் சிரித்தார்கள். இப்போது எங்கள் வாசலில் சத்தம் போடாமல் போகிறார்கள்.

நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் விடவே இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும், உன்னையும் அப்படித்தானே அனுப்பினார்கள். சாகப் பயமில்லை அவருக்கு. உன் எதிரில் வந்து நிற்கத்தான் பயம். அதனால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடக்கிறார். பார்க்கச் சகிக்கவில்லை அத்தை.

போன வாரம் சாமியார் வந்து, உனக்குக் கடைசியில் எண்ணெய் பூசியது போலவே அவருக்கும் அவஸ்தைப் பூசினார். பாவசங்கீர்த்தனத்தில் மாமா இந்தப் பொய்யைத்தான் சொல்லியிருக்க வேண்டும், வெளியே வந்த சாமியார் அவர் காதில் விழும்படி, "தெரியாம சொன்னது பொய் ஆகாது பெரியவரே" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் மாமா என்னைக் கூப்பிட்டு, "சாமியாருக்குக் கல்யாணமா காட்சியா? அவருக்கு இன்னா தெரியும்?" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அடுப்படிக்குப் போய், நீ வழக்கமாக அழும் அந்த மூலையில் நின்று அழுதேன்.

இன்று காலை நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். கண் மூடியிருந்தது, கைகள் மட்டும் போர்வைமேல் அசைந்துகொண்டிருந்தன. போர்வையைப் பிய்க்கிறார் என்று நினைத்துக் கையைப் பிடிக்கப் போனேன். பிடிக்கவில்லை. அது பிய்க்கிற கை அல்ல. ஒரு கை விட, ஒரு கை பிடிக்க, ஒரு கை விட, ஒரு கை பிடிக்க, கனமான எதையோ மேலே இருந்து மெதுவாக விட்டுக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை. நடுவில் ஒருமுறை கை நின்றது, காற்றுக்கு நின்றது போல. மறுபடியும் விட்டார். கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றேன். கடைசியில் இரண்டு கையும் சேர்ந்து, எதையோ தரையில் வைத்து முடிச்சுப் போட்டன. அப்புறம் நெஞ்சின்மேல் அப்படியே ஓய்ந்தன.

கண்ணைத் திறந்து வாசல் பக்கம் பார்த்தார். நான் நிற்பது தெரிந்ததோ இல்லையோ.

"எறக்கிட்டேன்" என்றார்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான் இல்லை. 'வா, குந்து' என்ற பேச்சு என் தொண்டை வரை வந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினேன். அது உன்னுடையது.

இதை எழுதும்போது பக்கத்தில்தான் படுத்திருக்கிறார். மூச்சு விட்டு விட்டு வருகிறது. சாமியாரைக் கூட்டிவர லூர்து கோயிலுக்கு ஓடியிருக்கிறான். தெரு அமைதியாக இருக்கிறது. காற்றே இல்லை அத்தை, இலைகூட அசையவில்லை.

முதல் தடவை வந்து சொன்னதை மறந்துவிடு. அது மரம் செய்த மோசம், அவர் செய்ததில்லை. இப்போது சொல்ல வருவது நிஜம். என் கண்ணால் பார்த்தேன், அவர் கையாலேயே இறக்கினார். கொஞ்ச நேரத்தில் உன் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். உள்ளே வரமாட்டார், உனக்குத் தெரியும். வெளியிலேயே நின்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்வார். எங்கே இருந்தாய், இத்தனை நாள் என்ன செய்தாய் என்று ஆரம்பித்துவிடாதே. சோற்றைச் சூடாக வை. கதவைத் திறந்து, "வா, குந்து" என்று சொல்.

அங்கே கதவை நீ திற. இங்கே ஒவ்வொரு ஐப்பசிக்கும் சோற்றை எடுத்து மூடி, அம்மிக்கல்லை நகர்த்தி, ஓலை கிள்ளிப் போட்டு, உன் பிள்ளை வந்து சொல்லும்வரை கதவைத் திறக்காமல் இருக்கிறேன். இது சத்தியம்.

உன்னிடம் அடி வாங்கிய கையால் எழுதும்,
உன் மருமகள் ரெஜினா